பக்கத்தின் அடியில் ஒரு பதக்கம்

1990களின் பிற்பகுதியில், அமெரிக்காவில் ஒருவர் சொந்தமாக இணையதளம் வைத்திருந்தால் அதன் முகப்பை மட்டும் பார்த்து எதையும் முடிவு செய்துவிட முடியாது. கடைசிவரை இறங்க வேண்டும். வருகையாளர் எண்ணிக்கை காட்டும் கருவிக்கும் விருந்தினர் புத்தகத்துக்கும் கீழே பதக்கங்கள் வரிசைகட்டி நிற்கும்: தங்கக் கோப்பை, சுழலும் நட்சத்திரம், நீல ரிப்பன். தளம் என்னவோ வீட்டுப் பூனையைப் பற்றியதாக இருக்கும். அதற்கு ஏழெட்டு விருதுகள்.

அந்தப் பதக்கம் ஒரு சின்னப் படக்கோப்பு, அவ்வளவுதான். 1987இல் கம்ப்யூசர்வ் நிறுவனம் உருவாக்கிய ஜிஃப் வடிவம் அதற்கு உடல் கொடுத்தது. 1993இல் வந்த மொசைக் உலாவி, எழுத்துகளுக்கு நடுவிலேயே படத்தையும் காட்டத் தொடங்கியதால் அதற்கு இடமும் கிடைத்தது. மதிப்பைக் கொடுக்க மட்டும் ஒரு மனிதர் தேவைப்பட்டார்.

அவர் கிளென் டேவிஸ். விர்ஜினியா மாநிலத்தின் நார்ஃபோக் நகரில் இன்ஃபிநெட் என்ற இணையச் சேவை நிறுவனத்தில் இருந்தவர். 1994 ஆகஸ்டில் ‘கூல் சைட் ஆஃப் தி டே’ என்ற பக்கத்தைத் தொடங்கினார். நாளைக்கு ஒரே ஒரு தளம். மதிப்பெண் பட்டியல் கிடையாது, நடுவர் குழு கிடையாது. அவருக்குப் பிடித்திருந்தால் சரி. தேர்வான தளத்துக்குக் கூட்டம் குவியும், தாங்க முடியாமல் சர்வர் படுத்துவிடுவதும் உண்டு. ஒரு தனிமனிதரின் ரசனைக்கு இத்தனை மரியாதை எப்படி வந்தது என்று கேட்டால், என் கணிப்பில் அது அவர் தேர்ந்தெடுத்தவற்றால் வந்ததல்ல, விட்டுவிட்டவற்றால் வந்தது. வருடத்துக்கு 365 தளங்கள்தான். மற்ற அத்தனைக்கும் இல்லை என்று பொருள்.

1995இல் பாயின்ட் கம்யூனிகேஷன்ஸ் என்ற நிறுவனம் இதையே தொழிலாக்கியது. சம்பளத்துக்கு விமர்சகர்களை வைத்துத் தளங்களைப் படிக்கச் செய்து, உள்ளடக்கம், தோற்றம், அனுபவம் என்ற மூன்று தலைப்புகளில் மதிப்பெண் போட்டது. தேறியவர்களுக்கு ‘இணையத்தின் உச்ச 5 விழுக்காடு’ என்ற பதக்கம். இணையத்தின் நூறு விழுக்காட்டை யார் எண்ணினார்கள் என்று அப்போது யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. வென்றவர் பெருமையாகப் பதக்கத்தை மாட்டுவார். அதைச் சொடுக்கினால் பாயின்டின் தளத்துக்குப் போகும். ஆயிரக்கணக்கான வீட்டு வாசல்களில் செலவில்லாத விளம்பரப் பலகை! லைக்காஸ் என்ற தேடுபொறி நிறுவனம் பாயின்டைச் சீக்கிரமே விலைக்கு வாங்கிக்கொண்டதில் வியப்பில்லை.

இந்தச் சூட்சுமம் சாதாரணத் தளக்காரர்களுக்கும் புரிந்தது. ஜியோசிட்டீஸ் போன்ற இலவச இடங்களில் லட்சக்கணக்கானோர் பக்கம் கட்டிக்கொண்டிருந்த காலம். படம் வரையத் தெரிந்த எவரும் தம் பெயரில் ஒரு விருதை அறிவிக்கலாம் என்றாகிவிட்டது. பூனைத் தளக்காரர் விருது பெறுவார், அவரே வேறொரு பதக்கம் செய்து அடுத்தவருக்கு விருது தருவார்.

இதைக் கேலியாகப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் அந்தக் கூட்டத்துக்குள் அசல் கண்டிப்புள்ளவர்களும் இருந்தார்கள். அவர்களுடைய விதிமுறைகளே பக்கக்கணக்கில் நீளும். உடைந்த இணைப்பு ஒன்றுகூட இருக்கக் கூடாது, எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறையும், அடுத்தவர் படத்தைக் கேட்காமல் எடுத்திருந்தால் நேரே வெளியே, தொலைபேசி மோடத்தில் பக்கம் திறக்க நேரமானாலும் கழிவு. விண்ணப்பித்தவர் வாரக்கணக்கில் காத்திருப்பார். பிறகு தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று பதில் வரும், அல்லது எங்கே தவறினீர்கள் என்று ஒரு கடிதம் வரும். பள்ளிக்கூடத்தில் யாரும் கற்றுத்தராத ஒரு வேலையை ராத்திரி கண்விழித்துத் தானே கற்றுக்கொண்டவருக்கு, முன்பின் தெரியாத ஒருவர் உட்கார்ந்து பக்கம் பக்கமாகத் திருத்தம் எழுதியது பதக்கத்தைவிடப் பெரிய பரிசு. இணையத்தில் வடிவமைப்பும் ஒழுங்கும் இப்படித்தான் பலருக்குக் கைவந்தன. இதை வரலாறு எழுதுபவர்கள் போதுமான அளவு சொல்வதில்லை.

மறுபக்கம், கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தவர்களும் இருந்தார்கள். விண்ணப்பம் அனுப்பிய மறுநிமிடமே வாழ்த்துக் கடிதம். கௌரவ டாக்டர் பட்டங்கள் காசுக்குக் கைமாறுவதைப் பார்த்த நமக்கு இது புதிதல்ல. போதாததற்கு, பதக்கம் வெறும் படம்தானே. சுட்டியின் வலது பொத்தானை அழுத்திச் சேமித்துக்கொண்டால் விண்ணப்பிக்காமலே வென்றவராகலாம். அதனால் நல்ல விருதாளர்கள் வென்றவர் பட்டியலைத் தங்கள் தளத்தில் வெளியிட்டார்கள்; பதக்கத்தைச் சொடுக்கி அங்கே பெயர் இருக்கிறதா என்று சரிபார்க்கலாம். அடுத்து, விருது தருபவர்களுக்கே மதிப்பெண் போடும் தளங்கள் கிளம்பின. எந்த விருதை நம்பலாம் என்று தரம்பிரித்துச் சொல்வது அவற்றின் வேலை. நடுவருக்கு நடுவர்!

1998இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்கள் லாரி பேஜும் செர்கே பிரின்னும் கூகுளைத் தொடங்கினார்கள். ஒரு பக்கத்துக்கு வெளியிலிருந்து வரும் இணைப்புகளை ஓட்டுகளாக எண்ணுவது அவர்களுடைய முறை. பதக்கத்துக்கு அடியில் ஒளிந்திருந்த இணைப்புக்கு அன்று விலை ஏறியது. இனிமேல் விருது கொடுப்பவருக்கு உங்கள் தளம் நல்லதா கெட்டதா என்பது முக்கியமில்லை, நீங்கள் மாட்டினால் போதும். ‘சிறந்த வலைப்பதிவு’ என்று கேட்காமலே வந்த எத்தனையோ மின்னஞ்சல்களின் நோக்கம் இதுதான். இப்படிப் பிறர் தளத்தில் ஒட்டவைக்கும் துண்டுகள் வழியே இணைப்பு சேர்ப்பதைக் கூகுளே 2016இல் எச்சரிக்க வேண்டி வந்தது.

பெரிய விருதுகள் வேறு பாதையில் போயின. டிஃபனி ஷ்லெய்ன் 1996இல் தொடங்கிய வெபி விருதுக்கு நடுவர்கள் உண்டு, நுழைவுக் கட்டணமும் உண்டு. மேடையில் ஐந்து சொற்களுக்கு மேல் பேசக் கூடாது என்பது அதன் விதி. 2000ஆம் ஆண்டு அதிபர் தேர்தலில் புளோரிடாவின் மறு எண்ணிக்கைச் சண்டையில் தோற்ற அல் கோர், 2005இல் அந்த மேடையேறி, தயவுசெய்து இந்த ஓட்டுகளை மறுபடி எண்ணாதீர்கள் என்று சொல்லி இறங்கினார். 2009இல் ஸ்பெயினில் தொடங்கிய ஆவ்வர்ட்ஸும் ‘இன்றைய தளம்’ என்ற பழைய பெயரிலேயே தினமும் ஒன்றைத் தேர்கிறது. அதன் மதிப்பெண் கணக்கைக் கவனியுங்கள்: வடிவமைப்புக்கு 40 விழுக்காடு, பயன்பாட்டு எளிமைக்கு 30, படைப்பூக்கத்துக்கு 20, உள்ளடக்கத்துக்கு 10. பாயின்ட் பார்த்த மூன்றில் ஒன்றாக இருந்த உள்ளடக்கம் பத்தில் ஒன்றாகச் சுருங்கிவிட்டது. எழுதுவதற்காகத் தளம் வைத்திருப்பவர் அங்கே போய் நிற்பதில் பயனில்லை.

ஜியோசிட்டீஸை அதன் உரிமையாளரான யாஹூ 2009 அக்டோபரில் மூடியது. ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வலர் குழு முடிந்தவரை அள்ளிக் காப்பாற்றியது. ஜியோசிட்டீஸின் அசையும் படங்களை 2016 முதல் இன்டர்நெட் ஆர்க்கைவின் ஜிஃப்சிட்டீஸ் பக்கத்தில் தேடிப் பார்க்கலாம். 2013இல் வந்த நியோசிட்டீஸில் பழைய பாணித் தளங்கள் மீண்டும் முளைத்திருக்கின்றன. சின்னப் பொத்தான் படங்களும் திரும்பி வந்துள்ளன, பெரும்பாலும் நண்பர் தளங்களுக்கு வழிகாட்டும் பலகைகளாக.

உங்கள் தளத்துக்கும் ஒரு விருது வேண்டும் என்று ஆசை இருந்தால், விண்ணப்பிக்கும் முன் மூன்றைப் பாருங்கள். இதுவரை வென்றவர்களின் பட்டியல் இருக்கிறதா? விண்ணப்பித்த எல்லோருமே அதில் இருக்கிறார்களா? முடிவு வருவதற்கு முன்பே அவர்களுடைய இணைப்பை மாட்டச் சொல்கிறார்களா, கேடயத்துக்குப் பணம் கேட்கிறார்களா? பட்டியல் இல்லையென்றாலோ, கடைசி இரண்டில் ஒன்றுக்கு ஆம் என்று பதில் வந்தாலோ அந்த விருதை விட்டுவிடுங்கள்.