கைபடாத அன்னமும் காஜிப்பூர் குப்பைமலையும்

அன்னதானத்தின் பெருமையை நம் சங்க அங்கத்தினர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நான் எழுத வந்தது அதற்குப் பக்கத்து விஷயம்: மிஞ்சும் உணவைச் சேகரித்து வழங்கும் 'உணவு வங்கி' எங்கே பிறந்தது, நம் தேசத்துக்கு எப்படி வந்தது, பருவநிலை மாற்றத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்று அதை ஏன் குறிப்பிடுகிறார்கள் என்பதே. பல நகரங்களில் பரவியிருக்கும் நாம் வருஷந்தோறும் எத்தனையோ கல்யாணங்களும் உபநயனங்களும் சஷ்டியப்தபூர்த்திகளும் நடத்துகிறோம். ஆகவே இந்தச் சரித்திரத்தில் நமக்கும் பங்கு உண்டு.

பற்றாக்குறைக் காலம்

1965ஆம் வருஷம் தேசத்தில் மழை பொய்த்தது. பாகிஸ்தானோடு யுத்தமும் வந்தது. பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி, வாரத்தில் ஒரு வேளை உணவைத் தவிர்க்கும்படி மக்களைக் கேட்டுக்கொண்டார். திங்கட்கிழமை இரவு ஹோட்டல்கள்கூட மூடப்பட்டன. அப்போது நாங்கள் தில்லி கரோல்பாகில் குடியிருந்தோம். எனக்குப் பத்து வயது. திங்கள் இரவு எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டியதில்லை. யாரும் கட்டாயப்படுத்தவில்லை, ஆனால் அக்கம்பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் இருந்தார்கள்.

மறு வருஷமும் வறட்சி தொடர்ந்தது. 1966இல் மட்டும் இந்தியா சுமார் ஒரு கோடி டன் தானியத்தை இறக்குமதி செய்தது. அதில் பெரும் பகுதி பி.எல். 480 திட்டத்தின் கீழ் அமெரிக்காவிலிருந்து வந்த கோதுமை. 1955ஆம் வருஷத்து அத்தியாவசியப் பொருள்கள் சட்டத்தின் அதிகாரத்தைக் கொண்டு, விருந்துகளில் இத்தனை பேருக்கு மேல் தானிய உணவு பரிமாறக் கூடாது என்ற ஆணைகளைச் சில மாநிலங்கள் பிறப்பித்தன. உணவை வீணாக்கக் கூடாது என்பதற்கு அன்று ஒரே காரணம்தான் இருந்தது: போதுமான உணவு இல்லை.

குப்பைத் தொட்டியிலிருந்து பிறந்த வங்கி

நமக்குக் கோதுமை அனுப்பிய அந்த அமெரிக்காவில், அதே காலகட்டத்தில், கடைகள் நல்ல உணவைக் குப்பையில் கொட்டிக்கொண்டிருந்தன. அரிசோனா மாநிலத்து ஃபீனிக்ஸ் நகரில் ஜான் வான் ஹெங்கல் என்பவர் ஏழைகளுக்கான அன்னசாலை ஒன்றில் தொண்டராக இருந்தார். பல குழந்தைகளுக்குத் தாயான ஒரு பெண்மணி, கடைகளின் குப்பைத் தொட்டியிலிருந்தே நல்ல உணவை எடுத்துக் குடும்பத்தைக் காப்பாற்றுவதாக அவரிடம் சொன்னார் என்றும், பணத்தைப் போட்டு எடுக்க வங்கி இருப்பதுபோல் உணவைப் போட்டு எடுக்கவும் ஓர் இடம் இருந்தால் என்ன என்று கேட்டார் என்றும் சொல்வார்கள். செயின்ட் மேரி தேவாலயம் ஒரு பழைய கட்டடத்தையும் 3,000 டாலரையும் கொடுத்தது. 1967இல் உலகின் முதல் உணவு வங்கி அங்கே தொடங்கியது. டப்பா நசுங்கியதால் விற்க முடியாத பண்டங்கள், தோட்டங்களில் பறிக்காமல் விட்ட பழங்கள் போன்றவற்றைச் சேகரித்துத் தர்ம ஸ்தாபனங்களுக்கு வழங்கினார்கள். முதல் வருஷத்திலேயே சுமார் 1,25,000 கிலோ உணவு இப்படிப் போய்ச் சேர்ந்தது.

1984இல் பாரிஸில் ஐரோப்பாவின் முதல் உணவு வங்கி தோன்றியது. நல்ல எண்ணத்தோடு உணவு கொடுப்பவர்களை வழக்குகளிலிருந்து காக்க அமெரிக்கா 1996இல் ஒரு சட்டம் இயற்றியது. பிரான்ஸ் ஒரு படி மேலே போய், விற்காத நல்ல உணவைப் பெரிய கடைகள் அழிக்கக் கூடாது, தர்ம ஸ்தாபனங்களோடு ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும் என்று 2016இல் சட்டம் போட்டது. வான் ஹெங்கல் 2005இல் காலமானார். அவர் நினைத்ததெல்லாம் பசியைப் பற்றித்தான். பூமியின் வெப்பம் அவர் கணக்கில் வரவில்லை.

வெப்பக் கணக்கு

அந்தக் கணக்கைப் பெரிய அளவில் முன்வைத்தது ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனம். வீணாகும் உணவை ஒரு நாடாகப் பாவித்தால், புவியைச் சூடாக்கும் வாயுக்களை வெளியிடுவதில் அது சீனாவுக்கும் அமெரிக்காவுக்கும் அடுத்த மூன்றாவது இடத்தில் நிற்கும் என்று 2013இல் அது அறிவித்தது. 2015இல் ஐ.நா. வகுத்த நிலைத்த வளர்ச்சி இலக்குகளில், கடைகளிலும் வீடுகளிலும் வீணாகும் உணவை 2030க்குள் பாதியாகக் குறைப்பதும் ஒன்றானது. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2022இல் உலகில் 105 கோடி டன் உணவு வீணாயிற்று. தோல், கொட்டை முதலியவையும் இதில் அடக்கம். இதில் 60 சதவீதம் வீடுகளில் வீணானது. இந்திய வீடுகளில் தலைக்கு வருஷத்துக்குச் சுமார் 55 கிலோ என்கிறது அந்த அறிக்கை.

சாதத்தையே எடுத்துக்கொள்வோம். நீர் தேங்கிய நெல் வயலில், காற்றுப் படாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் மீத்தேன் வாயுவை உண்டாக்குகின்றன. பிறகு உரம், பம்பு செட், அரவை, லாரி, சமையல் வாயு என்று ஒவ்வொன்றுக்கும் எரிபொருள் செலவாகிறது. அந்தச் சாதம் மிஞ்சிக் குப்பைமேட்டுக்குப் போனால், அங்கேயும் காற்றில்லாமல் அழுகி மறுபடியும் மீத்தேனைத் தருகிறது. நூறு வருஷக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைப்போல் சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். தில்லி அங்கத்தினர்கள் காஜிப்பூர் குப்பைமலையைப் பார்த்திருப்பார்கள். 1984இல் தொடங்கிய அது 2002லேயே கொள்ளளவைத் தாண்டிவிட்டது. 2022இலும் 2024இலும் அது பற்றி எரிந்தபோது சுற்றுவட்டாரமே புகையில் திணறியது. இத்தகைய தீக்கு மலைக்குள் சேரும் மீத்தேனும் ஒரு காரணம்.

நம் தேசத்தில்

2014இல் தில்லியில் ராபின் ஹுட் ஆர்மி, ஃபீடிங் இந்தியா ஆகிய குழுக்களும், கோயம்புத்தூரில் 'நோ ஃபுட் வேஸ்ட்' அமைப்பும் தொடங்கின. 2015இல் மும்பையின் டப்பாவாலாக்கள் ரொட்டி வங்கி ஆரம்பித்து, விசேஷங்களில் மிஞ்சியதை எடுத்துப்போய்ப் பசித்தவர்களுக்குக் கொடுத்தார்கள். மிஞ்சிய உணவைச் சேகரித்து வழங்குவதற்கான விதிகளை உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2019இல் வெளியிட்டது. அவை 2020 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தன.

இந்த ஏற்பாடு முழுவதும் ஒரு பேதத்தின் மேல் நிற்கிறது. பரிமாறாமல் பாத்திரத்தில் இருப்பதைத்தான் கொடுக்கலாம். இலையில் விழுந்ததைக் கொடுக்க முடியாது. மீதம் வேறு, எச்சில் வேறு என்று நம் வீட்டுப் பாட்டிமார்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருந்ததில்லை. சமைத்த உணவுக்கு இன்னொரு எல்லையும் உண்டு. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் கிருமிகள் மளமளவென்று பெருகும். மத்தியானம் மிஞ்சிய சாம்பார் சாதத்தை மாலைவரை மூடி வைத்துவிட்டு, பிறகு யாரையாவது கூப்பிட்டுக் கொடுப்பது தானமாகாது. வாங்கிச் சாப்பிடுகிறவருக்கு ஆபத்து.

ஆகவே, உணவு வங்கியால் எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது என்பதே நான் வலியுறுத்த விரும்புவது. வீணாவதில் பெரும் பங்கு வீடுகளில். அங்கே கொஞ்சம் கொஞ்சமாக மிஞ்சுவதை எந்த வங்கியும் வந்து சேகரிக்க முடியாது. மிஞ்சாமல் சமைப்பது முதல் படி, மிஞ்சியதைக் காலத்தோடு கொடுப்பது அடுத்த படி, மக்கச் செய்து உரமாக்குவது அதற்கும் அடுத்தது. இந்த வரிசை தலைகீழானால், எப்படியும் யாராவது எடுத்துப்போவார்கள் என்ற தைரியத்தில் நாம் இன்னும் அதிகமாகச் சமைக்கத் தொடங்குவோம்.

நம் கல்யாணங்களில் சமையல் கான்ட்ராக்டரிடம் இலைக் கணக்கில்தான் பேசுகிறோம். 400 இலைக்குச் சொல்லிவிட்டு 280 பேர் வந்தாலும் பணம் 400 இலைக்குத்தான். எனவே குறைத்துச் சமைக்க இரு தரப்புக்கும் அக்கறை இருப்பதில்லை. சாப்பாடு போதவில்லை என்ற பேச்சு வந்துவிடக் கூடாதே என்ற பயமும் சேர்ந்துகொள்கிறது. அந்தப் பயம் நியாயமானதே. ஆனால் அதற்குப் பரிகாரங்கள் உண்டு. வருகிறவர்களின் எண்ணிக்கையை இரண்டு நாள் முன்பாக டெலிபோனில் உறுதி செய்துகொள்ளலாம். அரிசியை ஒரேயடியாக வடிக்காமல் பந்திக்குப் பந்தி வடிக்கச் சொல்லலாம். இலையில் கேட்டுப் பரிமாறச் சொல்லலாம். அந்த ஊரில் உணவு சேகரிக்கும் குழுவுக்கு முகூர்த்த நாளையும் பந்தி முடியும் நேரத்தையும் முன்கூட்டியே தெரிவித்து, அதைக் கவனிக்க உறவினர் ஒருவரைப் பொறுப்பாக வைக்கலாம்.

ஒவ்வொரு நகரத்துக் கிளையும் தன் ஊரில் இயங்கும் நம்பகமான குழுவின் டெலிபோன் எண்ணை விசாரித்து, அங்கத்தினர்களுக்குச் சுற்றறிக்கையாக அனுப்பினால் பெரிய உபகாரமாக இருக்கும். 1965இல் நம் பெரியவர்கள் ஒரு வேளை உணவையே விட்டுக்கொடுத்தார்கள். இன்று நம்மிடம் யாரும் அதைக் கேட்கவில்லை. இலைக் கணக்கைச் சற்று நிதானமாகப் போடச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.