கடிக்காத ஜாம்பியைப் பார்த்திருக்கிறீர்களா?

ராத்திரி பத்தரை மணிக்கு பீச் லோக்கலில் வந்து தாம்பரத்தில் இறங்கும் கூட்டத்தைக் கவனித்திருக்கிறீர்களா? தோளில் லேப்டாப் பை, கண் திறந்தே இருக்கும், ஆனால் ஆள் அங்கே இருக்க மாட்டார். 'ஜாம்பி மாதிரி வர்றான் பாரு' என்று கிண்டலடிப்போம். அந்த வார்த்தையின் பழைய அர்த்தத்துக்கு இந்தக் கிண்டல் ரொம்பவே கிட்டத்தில் வருகிறது.

'மிருதன்' (2016) பார்த்த நமக்கு ஜாம்பி என்றால் வைரஸ், ரத்தம், கடி. 1943-ல் வந்த 'ஐ வாக்டு வித் எ ஜாம்பி' என்ற கறுப்பு வெள்ளைப் படத்தில் யாரும் யாரையும் கடிப்பதில்லை. ஆனாலும் பயம் வரும்.

தயாரிப்பாளர் வால் லூட்டனுக்கு ஆர்.கே.ஓ. ஸ்டூடியோ முதலில் தலைப்பைக் கொடுத்துவிடும். ஒன்றரை லட்சம் டாலருக்குள் படத்தை முடிக்க வேண்டும். இந்த மலிவான தலைப்புக்குள் அவரும் இயக்குநர் ழாக் டூர்னரும் 'ஜேன் ஐர்' நாவலைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஆமாம், நம்ம ஜெமினி கணேசன் - காஞ்சனாவின் 'சாந்தி நிலைய'த்துக்கு மூலமான அதே நாவல்தான்!

கதை இதுதான். கரீபியன் தீவு ஒன்றில் கரும்புத் தோட்ட முதலாளியின் மனைவி ஜெசிகா. நடப்பாள், சொன்னதைச் செய்வாள், பேச மாட்டாள். அவளைக் கவனிக்க வரும் நர்ஸ் பெட்ஸி, மருந்து பலிக்காமல் போக, ஒருநாள் ராத்திரி அவளை வூடூ பூஜை நடக்கும் இடத்துக்குக் கூட்டிப் போகிறாள். கரும்புக்காட்டு வழியே இருவரும் நடக்கும் அந்தக் காட்சியில் வசனம் இல்லை. காற்றும் தோகைச் சலசலப்பும், தூரத்தில் முரசும்தான். டார்ச் வெளிச்சம் திடீரென்று இரண்டு வெறுங்கால்களில் விழுகிறது. மெல்ல மேலே போனால், இமைக்காத கண்கள்!

நம்ம ஊர்ப் பேய்க்கு உடம்பு கிடையாது. ஜாம்பிக்கு உடம்பு மட்டும்தான் மிச்சம். ஹைட்டியின் கரும்புத் தோட்ட அடிமைகளுக்கு விடுதலை என்றால் சாவுதான். செத்த பிறகும் எழுப்பி வேலை வாங்கினால்? அந்தப் பயத்தின் பெயர்தான் ஜாம்பி. இந்தப் படத் தீவில் குழந்தை பிறந்தால் அழுவார்கள், சாவுக்குக் கொண்டாடுவார்கள். வீட்டு முற்றத்தில் நிற்பது அடிமைக் கப்பலின் முகப்புச் சிலை. என்ன, கேமரா கடைசிவரை முதலாளி குடும்பத்தின் சோகத்தையே சுற்றுகிறது. அதுதான் எனக்கு இருக்கும் ஒரே குறை.

அந்தக் கரும்புக்காட்டில் நம் ஆட்களும் இருந்தார்கள். 1848-ல் பிரான்ஸ் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்ததும், 1850-களில் இருந்து மார்த்தினிக், குவாதலூப் தோட்டங்களுக்கு காரைக்கால், புதுச்சேரியில் இருந்து ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் கப்பலேறினார்கள். கூடவே மாரியம்மனும் மதுரை வீரனும் போனார்கள். குவாதலூப்பில் மாரியம்மன் 'மாலியெமின்' ஆனாள். மேளம், சாமியாட்டம், ஆட்டுப் பலி எல்லாம் அங்கேயும் தொடர்ந்தன. பாதிரியார்கள் அதையும் பேய் வழிபாடு என்றுதான் சொன்னார்கள். ஆடி மாசம் உடுக்கைச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள், படத்தில் அந்த முரசு ஒலிக்கும்போது பயப்படுகிறீர்களா என்று உங்களையே கவனித்துப் பாருங்கள்.

மொத்தமே 69 நிமிடம். லைட்டை அணைத்து, ஹெட்போன் மாட்டிக்கொள்ளுங்கள். ஆரம்பம் கொஞ்சம் மெதுவாகத்தான் போகும், போனைத் தொடாதீங்க. பிடித்திருந்தால் அடுத்து 1932-ன் 'ஒயிட் ஜாம்பி'. அதில் சர்க்கரை ஆலையில் ஒருவன் அரவைக்குள் விழுகிறான். மற்றவர்கள் செக்கைச் சுற்றிக்கொண்டே இருக்கிறார்கள்.