வாசலில் வந்து எதிர்கொள்வோர்

சேலத்தில் ஒரு பெரிய துணிக்கடையின் படியில் கால் வைத்தால் போதும். கைகூப்பியபடி இருவர், சந்தனக் கிண்ணத்தோடு ஒருவர், எந்தத் தளம் என்று கேட்டபடி இன்னொருவர் என நம்மைச் சூழ்ந்துகொள்கிறார்கள். நகைக்கடையில் இது இன்னும் சற்றுக் கூடுதல். வங்கியிலும் இப்போது இதே நிலைதான். பணம் எடுக்கச் சென்ற முதியவரை, அவர் வரிசைக்குப் போகுமுன்பே ஓர் இளைஞர் எதிர்கொண்டு, பெயர் சொல்லி அழைத்து, நாற்காலியில் அமர்த்தி, ஒரு திட்டத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறார். கொங்குச் சீமையில் வீடு தேடி வந்தவரை 'வாங்க' என்று அழைப்பது விருந்தோம்பலின் முதற்படி. அந்தச் சொல்லை இன்று வணிகம் எடுத்துக்கொண்டிருக்கிறது.

இதைப் புதிய வழக்கம் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் விற்க வந்தவனையோ வாங்க வந்தவனையோ சந்தைக்குள் போகுமுன் எதிர்கொண்டு மடக்குவது மிகப் பழைய தொழில். ஃபிக்ஹு நூல்களில் வியாபாரப் பாடத்தை நடத்தும்போது 'தலக்கிர் ருக்பான்' என்ற தலைப்பு வரும். வணிகக் கூட்டத்தை எதிர்கொண்டு செல்லுதல் என்பது அதன் பொருள். "ஹஜ்ரத், இப்போது ஒட்டகக் கூட்டம் எங்கே வருகிறது?" என்று மாணவர்கள் சிரித்துக்கொண்டே கேட்பதுண்டு. அந்தக் கேள்விக்கு விடையாகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

மதீனாவுக்கு வெளியூர்களிலிருந்து தானியமும் எண்ணெயும் பிற சரக்குகளும் ஒட்டகங்களில் வந்தன. கொண்டு வந்தவர்களுக்கு அன்றைய சந்தை நிலவரம் தெரியாது. நகரத்து வியாபாரிகளுக்கு அது தெரியும். எனவே ஊருக்கு வெளியே சென்று, களைத்து வருகிறவர்களை வழியிலேயே சந்தித்து, இன்சொல் பேசி, மலிவாக வாங்கிக்கொண்டு, அதே சரக்கை ஊருக்குள் கூடுதல் விலைக்கு விற்றார்கள். நாங்களும் அவ்வாறு எதிர்சென்று உணவுப் பொருள் வாங்கிவந்தோம், அதைச் சந்தைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வரை விற்கக்கூடாது என நபி (ஸல்) அவர்கள் எங்களைத் தடுத்தார்கள் என்று இப்னு உமர் (ரலி) அறிவிப்பது புகாரியில் உள்ளது. இதைச் செய்தவர்கள் கயவர்களல்லர், சாதாரண நகரவாசிகள். தடையின் நோக்கத்தைப் புரிந்துகொள்ள இது உதவும். தனிமனிதரின் தீய குணத்தைக் காட்டிலும், ஒருவருக்கு விலை தெரிந்து மற்றவருக்குத் தெரியாமல் இருக்கும் அந்த இடமே இங்குக் குறி வைக்கப்பட்டது.

அபூ ஹுரைரா (ரலி) வழியாக முஸ்லிமில் வரும் அறிவிப்பு ஒரு படி மேலே செல்கிறது. வழியில் விற்றுவிட்டவர் சந்தைக்கு வந்து சேர்ந்து உண்மை விலையை அறிந்தால், அந்த வியாபாரத்தை நிலைநிறுத்தவோ முறிக்கவோ அவருக்கு உரிமை உண்டு. இந்த உரிமைக்குக் 'கியார்' என்று பெயர். தடை விதித்ததோடு நில்லாமல், தடையை மீறி நடந்துவிட்ட வியாபாரத்திற்கும் ஒரு வாசல் திறந்து வைக்கப்பட்டது. கிராமவாசிக்காக நகரவாசி விற்றுக் கொடுக்கக்கூடாது என்ற ஹதீஸும் இதனோடு சேர்ந்தே வருகிறது. அதன் பொருள் என்னவென்று கேட்டபோது, அவருக்குத் தரகராக இருக்கக்கூடாது என்று இப்னு அப்பாஸ் (ரலி) விளக்கினார்கள்.

இமாம்கள் இதை ஒரே விதமாக அணுகவில்லை. ஷாஃபிஈ மத்ஹபில் எதிர்சென்று வாங்குவது ஹராம்; வியாபாரம் செல்லும், ஆனால் ஏமாந்தவருக்குக் கியார் உண்டு. ஹனஃபி மத்ஹபில், ஊர் மக்களுக்கு இடையூறு நேர்ந்தாலோ, வந்தவரிடம் விலை நிலவரம் மறைக்கப்பட்டாலோ அது வெறுக்கத்தக்கது. இவ்விரண்டும் இல்லையெனில் குற்றமில்லை. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈகள் மிகுதி. சேலம், நாமக்கல் போன்ற உள்நாட்டுச் சமவெளியில் ராவுத்தர்களும் உருது பேசும் குடும்பங்களுமாக ஹனஃபிகளே மிகுதி. ஆகவே நம் பகுதியில் கேட்க வேண்டிய கேள்வி எளிமையானது. எதிர்கொண்டு வருகிறவர் எதையேனும் மறைக்கிறாரா?

இந்தச் சமவெளிக்கு வழிமறிப்பு வணிகம் புதிதன்று. மஞ்சளும் பருத்தியும் நிலக்கடலையும் விளையும் மண் இது. வண்டி கட்டிக்கொண்டு வரும் குடியானவனுக்கும் மண்டிக்காரருக்கும் நடுவே தரகர் இருந்தார். மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் கைவிட்டு விரல் பிடித்து விலை பேசும் முறையை நம்மில் பலரும் பார்த்திருப்போம். துண்டுக்கு உள்ளே இருக்கும் இரு கைகளுக்கு மட்டுமே விலை தெரியும். மாட்டுக்கு உடையவர் பக்கத்திலேயே நிற்பார். விலையை மறைப்பது என்றால் என்ன என்று மாணவர்களுக்கு விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு நமக்குக் கிடைத்ததில்லை.

தரகு, எடைக்குறைப்பு, காரணம் சொல்லாத பிடித்தங்கள் ஆகியவற்றால் குடியானவன் இழப்பதை, இந்திய வேளாண்மை குறித்து 1928இல் அறிக்கை தந்த அரச ஆணையம் எடுத்துக் கூறி, ஒழுங்குபடுத்தப்பட்ட சந்தைகளைப் பரிந்துரைத்தது. பேராரில் 1897ஆம் ஆண்டிலேயே பருத்தி, தானியச் சந்தைகளுக்கு அத்தகைய சட்டம் இருந்தது. சென்னை மாகாணத்தில் 1933இல் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் வந்தது. சந்தைக்கு ஒரு குழு, சரியான எடை, வரையறுக்கப்பட்ட கட்டணம் என்பதே இத்தகைய சட்டங்களின் சாரம். இன்று திருச்செங்கோட்டிலும் நாமகிரிப்பேட்டையிலும் கூட்டுறவுச் சங்க ஏலத்திற்கு மஞ்சள் மூட்டைகள் வருகின்றன. வாங்குவோர் பலர் ஓரிடத்தில் கூடிப் போட்டியிட்டு விலை கேட்கிறார்கள். சரக்கு சந்தைக்குள் வந்து சேரட்டும், விலை அங்கே தெரியட்டும் என்ற அந்த மதீனத்துக் கட்டளையை நினைவூட்டும் ஏற்பாடு இது. சட்டம் இயற்றியவர்கள் ஹதீஸைப் பார்த்து எழுதினார்கள் என்று நாம் உரிமை கொண்டாடவில்லை. நோய் ஒன்றாக இருந்தால் மருந்தும் ஒத்துப்போகும்.

நாமக்கல் முட்டைக்கும் இதே கதை உண்டு. கோழிப்பண்ணையாளர்கள் சேர்ந்து தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவை 1982இல் அமைத்த பிறகு, விலை அறிவிக்கப்பட்டு ஊரறிய வெளியாகிறது. லாரி வந்து நிற்கும்போது பண்ணையாளருக்கு விலை முன்பே தெரியும். ஆயினும் அறிவித்த விலையிலிருந்து 'மைனஸ்' என்று சொல்லி வியாபாரிகள் குறைத்துக் கேட்கும் வழக்கமும் கூடவே வளர்ந்தது.

இனி வங்கிக்கு வருவோம். சேலத்திற்கென்றே 1925இல் தொடங்கிய சேலம் வங்கி என்று ஒன்று இருந்தது. 1960களின் தொடக்கத்தில் அது இந்தியன் வங்கியோடு இணைந்தது. 1969 ஜூலை 19 அன்று நாட்டுடைமையான 14 வங்கிகளுள் இந்தியன் வங்கியும் ஒன்று. அந்த நாள்களின் வங்கியை நினைவில் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், அங்கே யாரும் நம்மை எதிர்கொண்டு அழைத்ததில்லை. கம்பி வலைக்கு அப்பாலிருந்த எழுத்தர் தலைநிமிர்ந்து பார்த்தாலே பெரிய விஷயம். பித்தளை வில்லையைக் கையில் வைத்துக்கொண்டு, எண்ணைக் கூப்பிடும் வரை காத்திருந்தார்கள் நம் முன்னோர். அது மரியாதையான ஏற்பாடு என்று சொல்ல வரவில்லை. ஆனால் எழுத்தருக்கு நம்மிடம் விற்க எதுவும் இல்லை.

1999இல் காப்பீட்டு ஒழுங்குமுறைச் சட்டம் வந்து அத்துறை தனியாருக்குத் திறந்தது. அடுத்த ஆண்டு, வங்கிகள் காப்பீட்டுத் தொழிலில் ஈடுபட ரிசர்வ் வங்கி வழிவகுத்தது. அன்று முதல் வங்கியின் கூடம் மெல்ல மெல்லச் சந்தையாக மாறியது. காப்பீடு விற்றால் வங்கிக்குத் தரகு கிடைக்கிறது. கிளைக்கு இலக்கு உண்டு, ஊழியருக்கும் இலக்கு உண்டு. நம் வைப்புத்தொகை எந்த நாளில் முதிர்கிறது என்பது அவர்களுடைய கணினித் திரையில் தெரிகிறது. ஒட்டகக் கூட்டம் எந்தக் கணவாய் வழியே எந்த நாளில் வரும் என்று மதீனத்து வியாபாரிக்குத் தெரிந்திருந்ததைப் போலத்தான் இதுவும்.

எங்கள் மஹல்லாவில் வளைகுடாவில் உழைத்துத் திரும்பிய ஒரு பெரியவர் இருக்கிறார். மகளின் நிக்காஹ் செலவுக்கென வைத்திருந்த தொகை முதிர்ந்ததும் அதை எடுக்க வங்கிக்குச் சென்றார். தேநீர் கொடுத்தார்கள். "அத்தா, இதை இப்படிப் போட்டால் கூடுதலாகக் கிடைக்கும்" என்று மகனைப் போலப் பேசி, சில இடங்களில் கையெழுத்து வாங்கினார்கள். வீட்டுக்கு வந்து சேர்ந்த தாளில் இருந்தது ஆண்டுதோறும் தவணை கட்ட வேண்டிய ஆயுள் காப்பீடு. இடையில் நிறுத்தினால் போட்ட பணத்தில் பெரும்பகுதி போய்விடும். காப்பீடு ஷரீஅத்தில் கூடுமா என்பது தனிப் பேச்சு. அதை இங்கே எடுக்கவில்லை. அவருக்குச் சொல்லப்பட்டது ஒன்று, எழுதப்பட்டது வேறு என்பதே இங்குக் கவனிக்க வேண்டியது.

அவருக்கும் ஒரு கியார் இருந்தது. பத்திரம் கையில் கிடைத்த நாளிலிருந்து குறிப்பிட்ட நாள்களுக்குள் காரணம் சொல்லித் திருப்பிக் கொடுக்கும் உரிமை காப்பீட்டு விதிகளில் உண்டு. முன்பு 15 நாள்களாக இருந்த இது, 2024இன் புதிய விதிகளில் 30 நாள்களாக்கப்பட்டது. முத்திரைத்தாள் கட்டணம், மருத்துவப் பரிசோதனைச் செலவு, காப்பில் இருந்த நாள்களுக்கான சிறு தொகை ஆகியவற்றைக் கழித்துக்கொண்டு மீதியைத் தந்தாக வேண்டும். விற்கும்போது இதை யாரும் அவரிடம் வாய்விட்டுச் சொல்லவில்லை. உறையைப் பிரிக்காமல் அலமாரியில், குர்ஆன் ஷரீஃபுக்குக் கீழே பத்திரமாக வைத்துவிட்டார், நாள் கடந்துவிட்டது. நம் குடும்பங்களில் முக்கியமான காகிதம் என்றால் மடித்துப் பூட்டி வைப்பது என்றே பழகியிருக்கிறோம். இந்த ஒரு காகிதத்தை மட்டும் வந்த அன்றே படிக்கத் தெரிந்த பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்ல வேண்டும்.

இது தவிர, ரிசர்வ் வங்கி 2014 டிசம்பரில் வாடிக்கையாளர் உரிமைச் சாசனம் ஒன்றை வெளியிட்டது. அதன் ஐந்து உரிமைகளுள் ஒன்று, வாடிக்கையாளரின் நிலைக்குப் பொருந்தும் பொருளையே அவருக்கு விற்க வேண்டும் என்பது. வங்கி மீதான முறையீடு அங்கே தீராவிட்டால், 2021 நவம்பரில் தொடங்கிய ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டத்தில் கட்டணமின்றி மனுச் செய்யலாம்.

வாசலில் நிற்பவர்களைப் பற்றியும் நீதியாகப் பேச வேண்டும். துணிக்கடை வாசலில் கைகூப்பும் பெண் அந்தக் கடைக்கு உரிமையாளர் அல்லர். காலையில் நிற்கத் தொடங்கி இரவு வரை நிற்கிறவர். கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவின் கடைப் பெண்கள் உட்காரும் உரிமை கேட்டுப் போராடினார்கள். கேரளம் 2018இல் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடும் 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தை 2021இல் திருத்தி, எல்லா ஊழியருக்கும் இருக்கை வைக்க வேண்டும் என்று ஆக்கியது. ஆக, மனிதர் உட்கார ஒரு சட்டம் தேவைப்பட்டிருக்கிறது. அந்தப் பெண் முகமன் கூறினால் அதைவிட அழகாகவோ அதே அளவிலோ பதில் கூறுவதே குர்ஆன் கற்றுத்தந்த ஒழுக்கம். பதில் கூறுவதற்கும் வாங்குவதற்கும் தொடர்பில்லை. வேண்டாம் என்பதைச் சிடுசிடுக்காமல் சொல்ல முடியும். ஆறு சேலையை விரித்துப் போடச் சொல்லிவிட்டு, எரிந்து விழுந்து எழுந்து போகிறவர்களும் நம்மில் இருக்கிறார்கள்.

தரகர்கள் என்று அழைக்கப்பட்டு வந்த மதீனத்து வணிகர்களுக்கு, அதைவிட நல்லதொரு பெயராக 'துஜ்ஜார்' என்பதை நபி (ஸல்) அவர்கள் சூட்டியதாகக் கைஸ் இப்னு அபீ கரஸா (ரலி) நன்றியோடு அறிவிக்கிறார். விற்பனையில் வீண்பேச்சும் சத்தியமும் கலந்துவிடும், அதனோடு தர்மத்தையும் கலந்துகொள்ளுங்கள் என்ற அறிவுரையும் கூடவே வந்தது. நம் பிள்ளைகள் பலர் இன்று அதே கடைகளிலும் வங்கிகளிலும் இலக்குக்கு ஓடுகிறவர்கள். இந்தப் பாடம் வாங்குகிறவர்களுக்கு மட்டும் உரியதன்று.

பேச்சில் ஏமாந்துபோகும் ஒரு நபித்தோழரின் செய்தியும் இதே பாடத்தில் வருகிறது. அவர் ஹப்பான் இப்னு முன்கித் (ரலி) என்றும், அவருடைய தந்தை முன்கித் (ரலி) என்றும் இரு விதமாகச் சொல்வார்கள். தலையில் பட்ட காயத்தால் பேச்சும் கணிப்பும் தடுமாறியவர். ஆயினும் வியாபாரத்தை விட முடியாதவர். வாங்கும்போது 'லா கிலாபா', அதாவது ஏமாற்று இல்லை, என்று சொல்லிவிடும்படியும், வாங்கிய பொருளில் மூன்று நாள் உரிமை உண்டு என்றும் அவருக்குக் கற்பிக்கப்பட்டது. அவர் நெடுங்காலம் வாழ்ந்தார். உஸ்மான் (ரலி) காலத்தில் மதீனாவில் மக்கள் பெருகிவிட்டார்கள். சந்தையில் இருந்த பலருக்கு அவரைத் தெரியாது. வாங்கிவந்த பொருளைப் பார்த்து வீட்டார் விலை அதிகம் என்பார்கள். அவர் திரும்பிப் போய்க் கொடுப்பார். கடைக்காரர் ஏற்க மாட்டேன் என்பார். தெருவில் வாக்குவாதம் நடக்கும்போது நபித்தோழர்களுள் யாரேனும் அவ்வழியே வருவார். இவர் சொல்வது உண்மை, மூன்று நாள் உரிமையை நபி (ஸல்) அவர்கள் இவருக்குத் தந்தார்கள் என்று நின்று சாட்சி சொல்வார். கடைக்காரர் திர்ஹம்களைத் திருப்பிக் கொடுப்பார்.