தொட்டியில்லா நீர்ச் சூடாக்கி

தொட்டியில்லா நீர்ச் சூடாக்கி என்பது, நீரைச் சூடாக்கிச் சேமித்து வைக்காமல், குழாய் திறக்கப்படும்போது மட்டும் அதன் வழியே ஓடும் நீரைச் சூடாக்கித் தரும் கருவி ஆகும். இது உடனடி நீர்ச் சூடாக்கி எனவும் அழைக்கப்படுகின்றது. மின்சாரம் அல்லது எரிவளி இதற்கு ஆற்றலாகப் பயன்படுகின்றது.

வரலாறு

1868 ஆம் ஆண்டில் இலண்டனைச் சேர்ந்த பெஞ்சமின் வாடி மோகன் என்பவர் எரிவளியால் இயங்கும் உடனடி நீர்ச் சூடாக்கி ஒன்றை உருவாக்கினார். ஐசுலாந்தின் வெந்நீர் ஊற்றின் பெயரைத் தழுவி அதற்குக் கீசர் எனப் பெயரிட்டார். இந்தியாவில் இன்று தொட்டியுள்ள சூடாக்கிகளும் இப்பெயரால் வழங்கப்படுகின்றன.

திறன் தேவை

நிமிடத்துக்கு 1 லீட்டர் வீதம் ஓடும் நீரின் வெப்பநிலையை 1 பாகை செல்சியசு உயர்த்த ஏறத்தாழ 70 வாட்டு திறன் தேவை. எனவே, 25 பாகையில் வரும் நீரை 3 கிலோவாட்டு மின்சூடாக்கி நிமிடத்துக்கு ஏறத்தாழ 3 லீட்டர் அளவிலேயே 40 பாகைக்குச் சூடாக்கும். 15 லீட்டர் வாளியை நிரப்ப 5 நிமிடம் ஆகும். குளிர்நாடுகளில் 10 பாகையில் வரும் நீரைக் கொண்டு நிமிடத்துக்கு 9 லீட்டர் பொழியும் தூவாலையில் குளிப்பதற்கு ஏறத்தாழ 19 கிலோவாட்டு வேண்டும்.

தொட்டிச் சூடாக்கியிலிருந்து மாறுதல்

தொட்டியில் உள்ள வெந்நீர், பயன்படுத்தப்படாத நேரத்திலும் வெப்பத்தை இழக்கின்றது. தொட்டியில்லாச் சூடாக்கியில் இவ்விழப்பு இல்லை. ஐக்கிய அமெரிக்க எரிசக்தித் துறையின் கணிப்பின்படி, நாளொன்றுக்கு 155 லீட்டருக்கு மேற்படாமல் வெந்நீர் பயன்படுத்தும் வீடுகளில் இதன் செயற்றிறன் 24 முதல் 34 விழுக்காடு வரை கூடுதலாகும். 325 லீட்டர் அளவில் பயன்படுத்தும் வீடுகளில் இது 8 முதல் 14 விழுக்காடு மட்டுமே. அதாவது, வெந்நீர்ப் பயன்பாடு மிகும்போது விழுக்காட்டளவில் சேமிப்புக் குறைகின்றது.

மாற்றத்தின் செலவு கருவியின் விலையோடு முடிவதில்லை. 240 வோல்ட்டில் இயங்கும் 24 கிலோவாட்டுச் சூடாக்கி 100 ஆம்பியர் மின்னோட்டத்தை எடுக்கும். பல வீடுகளின் மின்னிணைப்பு இதைத் தாங்காது. எரிவளி வகைக்குப் பெரும்பாலும் அகன்ற எரிவளிக் குழாயும் புதிய புகைபோக்கியும் தேவைப்படும். பல குழாய்களை ஒரே நேரத்தில் திறந்தால் நீரின் சூடோ அளவோ குறையும். கடின நீர் உள்ள இடங்களில் உட்புறம் படியும் சுண்ணாம்புப் படிவை அவ்வப்போது நீக்க வேண்டும்.

பாதுகாப்பு

எரிவளிச் சூடாக்கியைக் காற்றோட்டமற்ற குளியலறையில் பொருத்துவது உயிருக்கு ஆபத்தானது. எரிதல் முழுமையடையாதபோது உண்டாகும் கார்பனோரொக்சைட்டு நிறமும் மணமும் அற்றது. குளிப்பவர் அறியாமலேயே மயங்கி இறக்க நேரிடும். எனவே கருவியைக் குளியலறைக்கு வெளியே பொருத்துவதும், புகையை வெளியேற்றத் தனிக் குழாய் அமைப்பதும் இன்றியமையாதவை.

இவற்றையும் பார்க்க

சூரிய நீர்ச் சூடாக்கி
வெப்பப் பரிமாற்றி