சிட்னி ஆய்வகத்திலிருந்து வீட்டுக் கூரை வரை: ‘பெர்க்’ சூரிய மின்கலம் கடந்து வந்த பாதை

2010-களின் இறுதியிலிருந்து சில ஆண்டுகள், உலகில் தயாரான சோலார் பேனல்களில் பெரும்பாலானவை ஒரே வடிவமைப்பில் அமைந்தவை. ‘பெர்க்’ எனச் சுருக்கமாக அழைக்கப்படும் அந்த வடிவமைப்பு, ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் உள்ள நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் 1980-களில் உருவானது. ஆய்வகத்தைத் தாண்டித் தொழிற்சாலைக்குள் நிலைபெற அதற்கு ஏறத்தாழ 30 ஆண்டுகள் பிடித்தன.

அமெரிக்காவின் பெல் ஆய்வகம் 1954-இல் வெளியிட்ட சிலிக்கான் சூரிய மின்கலம், தன் மீது விழுந்த ஒளியில் சுமார் 6 சதவீதத்தை மட்டுமே மின்சாரமாக மாற்றியது. சிலிக்கானின் கோட்பாட்டு உச்சவரம்பு சுமார் 29 சதவீதம். இந்த இடைவெளியில் ஒவ்வொரு சதவீதமும் முக்கியம்: அதே நிலம், அதே கண்ணாடி, அதே கூலிச் செலவில் கூடுதல் மின்சாரம் கிடைக்கும்.

பழைய மின்கலங்களின் குறை அவற்றின் முதுகுப் பக்கத்தில் இருந்தது. அங்கு அலுமினியம் முழுப் பரப்பிலும் சிலிக்கானைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஒளியால் விடுபட்ட எலக்ட்ரான்களில் ஒரு பகுதி, அந்தச் சந்திப்பில் பயனின்றி வெப்பமாக வீணானது. பேராசிரியர் மார்ட்டின் கிரீன் தலைமையிலான குழு, சிலிக்கானுக்கும் உலோகத்துக்கும் நடுவே மெல்லிய மின்காப்புப் படலத்தை வைத்து, அதில் சிறு துளைகளின் வழியாக மட்டும் தொடர்பு ஏற்படுத்தியது. ஒரு பக்கம் முழுவதும் திறந்து கிடந்த வீட்டுக்குச் சுவர் எழுப்பி, தேவையான இடத்தில் மட்டும் வாசல் வைத்தது போன்ற ஏற்பாடு இது. உட்கிரகிக்கப்படாமல் கடந்து செல்லும் ஒளியையும் அந்தப் படலம் மீண்டும் உள்ளே திருப்பியது.

1989-இல் இக்குழு 22.8 சதவீதத் திறனை அறிவித்தது. 1990-களின் இறுதியில் இதன் மேம்பட்ட வடிவம், பின்னர் திருத்தப்பட்ட அளவீட்டின்படி, 25 சதவீதத்தைத் தொட்டது.

ஆனால், துளையிடும் முறை சில்லுத் தயாரிப்புக்கு ஒப்பான செலவு பிடித்தது. மலிவு விலையில் பேனல் விற்கும் ஆலைகளுக்கு அது கட்டுப்படியாகவில்லை. 2000-களின் நடுவில் நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உள்ளிட்ட ஐரோப்பிய ஆய்வகங்கள், அலுமினியம் ஆக்சைடு படலம் இப்பணிக்கு மிகவும் ஏற்றது எனக் காட்டின. துளையிடும் வேலையை லேசர் ஏற்றுக்கொண்டது. அதன் பிறகே கணக்கு மாறியது.

தொழில்நுட்ப அறிவு ஆவணங்களில் மட்டும் பயணிக்கவில்லை, மாணவர்களுடனும் சென்றது. சிட்னியில் முனைவர் பட்டம் பெற்ற ஷி ஜெங்ராங், 2001-இல் சீனாவின் வூசி நகரில் சன்டெக் நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் முக்கியப் பிரிவு 2013-இல் திவால் நடவடிக்கைக்கு உள்ளானது. ஆயினும் அதற்குள் சீனாவின் சூரிய மின்கலத் தொழில் வேரூன்றிவிட்டது. ஆய்வு பிறந்த ஆஸ்திரேலியாவில் பேனல் உற்பத்தி மிகச் சிறிய அளவிலேயே உள்ளது. மார்ட்டின் கிரீன், ஆண்ட்ரூ பிளேக்கர்ஸ், ஐஹுவா வாங், ஜியான்ஹுவா ஜாவ் ஆகிய நால்வருக்கும் 2023-ஆம் ஆண்டின் ராணி எலிசபெத் பொறியியல் பரிசு வழங்கப்பட்டது.

இந்தியாவில் தேசிய சூரிய ஆற்றல் இயக்கம் தொடங்கப்பட்ட 2010-ஆம் ஆண்டிலேயே, மும்பை ஐஐடியில் சூரிய மின்கல ஆராய்ச்சிக்கும் கல்விக்குமான தேசிய மையம் அமைக்கப்பட்டது. நாட்டின் சூரிய மின் நிறுவுதிறன் 2025 ஜனவரியில் 100 கிகாவாட்டைக் கடந்தது. பேனல்களைப் பொருத்தும் ஆலைகள் உள்நாட்டில் பெருகியுள்ள போதிலும், அவற்றின் மூலப்பொருளான சிலிக்கான் வில்லைகளுக்கு இந்தியா இன்னும் பெருமளவில் இறக்குமதியையே நம்பியுள்ளது. இதற்கிடையே, ஜெர்மனியின் பிரான்ஹோபர் ஆய்வு நிறுவனம் 2013-இல் முன்வைத்த ‘டாப்கான்’ வகை மின்கலங்கள், ஆலைகளில் ‘பெர்க்’ வகையின் இடத்தைப் பிடித்து வருகின்றன.