ரேனியஸ் ஐயரும் இரண்டுபட்ட நெல்லைச் சபையும்

சில காலத்திற்கு முன்பு நன்னெறிக் கல்விப் பாடவேளையில் சமய நல்லிணக்கம் குறித்துப் பேசிக்கொண்டிருந்தேன். என் வகுப்பில் கிறித்தவ மாணவர் இருவர் உள்ளனர். ஒருவன் மெதடிஸ்ட் சபையைச் சேர்ந்தவன். மற்றொருத்தி லூத்தரன் சபையைச் சேர்ந்தவள். பாடத்தின் நடுவே அந்தச் சிறுவன் எழுந்து, "ஐயா, நாங்கள் இருவரும் கும்பிடுவது ஒரே இயேசுவைத்தானே? கோயில் மட்டும் ஏன் வேறு வேறாக இருக்கிறது?" என்று கேட்டான். "அதை உங்கள் போதகரிடம் கேட்டுத் தெரிந்துகொள்" என்று சொல்லி அடுத்த பக்கத்திற்குச் சென்றுவிட்டேன். மணியடித்த பின்பும் அக்கேள்வி என்னை விடவில்லை. தெரியாததைத் தள்ளிவிடுவது ஆசிரியருக்கு அழகன்று.

நான் கிறித்தவன் அல்லன். ஆயினும் தமிழ் இலக்கண நூல்களின் வரலாற்றைப் படித்தபோது அறிமுகமான ஒரு போதகரின் வாழ்க்கையில் இக்கேள்விக்கு விடை இருக்கக் கண்டேன். திருநெல்வேலி மக்கள் 'ரேனியஸ் ஐயர்' என்றழைத்த சார்லஸ் தியோபிலஸ் எவால்ட் ரேனியஸ் என்பவரே அவர். 1834-ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளிவந்த அவருடைய தமிழ் இலக்கண நூலைத் தமிழாய்வாளர் பலர் அறிவர். அதற்கடுத்த ஆண்டே அவர் தம் பணியிலிருந்து நீக்கப்பட்டார் என்பதை அறிந்தோர் சிலரே.

ரேனியஸ் 1790-ஆம் ஆண்டு பிரஷ்யாவில் பிறந்தவர். பெர்லினில் மிஷனெரிப் பயிற்சி பெற்று, லூத்தரன் முறைப்படி குருப்பட்டம் ஏற்றார். ஆனால் அவரை இந்தியாவுக்கு அனுப்பியது இங்கிலாந்துத் திருச்சபையைச் சார்ந்த சர்ச் மிஷன் சங்கம். அக்காலத்தில் இந்தியாவுக்குச் செல்ல முன்வந்த ஆங்கிலேயக் குருமார் மிகக் குறைவாக இருந்ததால், ஆங்கிலச் சங்கங்கள் ஜெர்மானியர்களை அமர்த்திக்கொண்டன. 1814-இல் சென்னைக்கு வந்த ரேனியஸ், 1820-இல் பாளையங்கோட்டையில் குடியேறினார். திருப்பாற்கடல் நாதன் கவிராயரிடம் தமிழ் கற்றார், புதிய ஏற்பாட்டின் தமிழ் மொழிபெயர்ப்பைத் திருத்தியமைத்தார், பள்ளிக்கூடங்களைத் திறந்தார். கிறித்தவரானதால் சொந்த ஊரில் இருக்க இயலாதவர்களைக் குடியேற்ற நிலம் வாங்குவதற்காக, 1830-இல் தர்ம சங்கம் என்ற அமைப்பை ஏற்படுத்தினார். பதினைந்து ஆண்டுகளில் அவர் பொறுப்பிலிருந்த சபைகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்திருந்தனர்.

இவ்வளவு பேருக்கும் ஞானஸ்நானமும் நற்கருணையும் வழங்க ஒருசில ஐரோப்பியக் குருமாரே இருந்தனர். ஊர்தோறும் உபதேசியார்கள் ஜெபம் நடத்தினர். எனினும் அவர்களுக்குக் குருப்பட்டம் இல்லை. அவர்களுள் தகுதியுடையோரைக் குருக்களாக்க வேண்டும் என்பதில் ரேனியஸுக்கும் சங்கத்தாருக்கும் வேறுபாடில்லை. யார் கைகளால் ஆக்குவது என்பதிலேதான் வழக்கு எழுந்தது.

இங்குச் சபை வேறுபாட்டின் உட்பொருளைச் சற்று விளங்கிக்கொள்ள வேண்டும். இங்கிலாந்துத் திருச்சபையில் உதவிக்குரு, குரு, பேராயர் என மூன்று படிகள் உண்டு. பேராயர் தலைமேல் கைவைத்து அபிஷேகம் செய்தால்தான் ஒருவர் குருவாக முடியும். அப்பேராயர்களின் வரிசை அப்போஸ்தலர் காலம் முதல் தொடர்ந்து வருவது என்று அத்திருச்சபையார் பலர் கருதினர். லூத்தரன் மரபின் நோக்கு வேறு. 1530-இல் எழுதப்பட்ட ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை, நற்செய்திப் போதனையிலும் திருவருட்சாதனங்களிலும் ஒருமைப்பாடு இருந்தால் திருச்சபையின் ஒற்றுமைக்கு அதுவே போதும் என்கிறது. மனிதர் ஏற்படுத்திய சடங்குகள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கவேண்டியதில்லை என்பதும் அதன் கருத்து. இதன்படி பேராயர் பதவி ஒரு நல்ல ஏற்பாடாக இருக்கலாம், கட்டாயமன்று. மூத்த குருமார் கூடியும் மற்றொருவருக்குக் குருப்பட்டம் அளிக்கலாம்.

ரேனியஸ் தாமாக ஒரு புது வழக்கத்தைக் கொண்டுவந்துவிடவில்லை. 1733-இல் தரங்கம்பாடியில் ஆரோன் என்னும் தமிழருக்கு லூத்தரன் குருமாரே பட்டம் கொடுத்தனர். ஆங்கிலச் சங்கம் ஒன்றின் பொருளுதவியில் நடந்த தஞ்சைப் பணியிலும், 1790-இல் சத்தியநாதன் என்பவர் லூத்தரன் முறையிலேயே குருவானார். அவர் பாளையங்கோட்டைக்கே அனுப்பப்பட்டவர். அப்போது எவரும் தடை சொல்லவில்லை. ஏனெனில் இந்தியாவில் ஆங்கிலப் பேராயர் ஒருவரும் இல்லை. 1814-இல் கல்கத்தாவுக்கு முதல் பேராயர் வந்திறங்கினார். 1835-இல் சென்னைக்கும் தனிப் பேராயர் வந்தார். பேராயர் இருக்கும்போது அவரைக் கடந்து பட்டம் கொடுப்பது எவ்வாறு பொருந்தும் என்று சங்கத்தார் கேட்டனர். ஒரு தலைமுறைக்கு முன் இயல்பாக இருந்த செயல் இப்போது ஒழுங்கு மீறலாயிற்று.

தம்முடைய உபதேசியார்கள் பேராயரிடம் பட்டம் பெறவேண்டுமானால், இங்கிலாந்துத் திருச்சபையின் சட்டதிட்டங்களையும் ஜெபப் புத்தகத்தையும் ஏற்றுக் கையொப்பமிட வேண்டியிருக்கும் என்பதே ரேனியஸின் முதன்மையான தடை. வேறொரு நாட்டில், வேறொரு காலத்தில் எழுந்த பூசல்களுக்காக வகுக்கப்பட்டவற்றை நெல்லைச் சீமைத் தமிழர் தோளில் ஏற்றுவது நியாயமா என்று அவர் எண்ணினார்.

இந்நிலையில் ஹார்ப்பர் என்ற ஆங்கிலக் குரு, இங்கிலாந்துத் திருச்சபையை உயர்த்தி ஒரு நூல் எழுதினார். அதற்கு ரேனியஸ் ஒரு மறுப்புரை எழுதி 1834-இல் வெளியிட்டார். பேராயர் ஆட்சியையும் ஜெபப் புத்தகத்தின் சில பகுதிகளையும் வேத வசனத்தை உரைகல்லாகக் கொண்டு அதில் வெளிப்படையாகக் குறை கூறினார். 1835-இல் சங்கம் அவரைப் பணியிலிருந்து நீக்கியது.

சங்கத்தாரின் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. ஒரு திருச்சபையின் பணத்தில் நடக்கும் ஊழியத்தில் இருந்துகொண்டே, அத்திருச்சபையின் அமைப்பை அச்சிலேற்றிக் கண்டிப்பவரை அவர்கள் எப்படி வைத்துக்கொள்வர்? ரேனியஸோ, மனச்சாட்சிக்குப் பட்டதை மறைப்பது ஊழியனுக்குத் தகாது என்று கருதினார். இருவருமே கொள்கையின் பொருட்டே நின்றனர். துயரம் விளைந்தது மூன்றாமவர்க்கு.

பாளையங்கோட்டையை விட்டுப் புறப்பட்ட ரேனியஸ், ஆற்காட்டுப் பகுதியில் புதிய பணி தொடங்க எண்ணினார். ஆனால் அவரால் வளர்க்கப்பட்ட உபதேசியார்கள் பலர் திரும்பி வரும்படி அழைத்தனர். அவ்வாண்டு முடிவதற்குள் அவர் திரும்பினார். உடன் பணியாற்றிய ஜெர்மானியக் குருமாரும் அவரோடு நின்றனர். நெல்லைச் சபை இரண்டாயிற்று. கோயில் யாருக்கு, பள்ளிக்கூடம் யாருக்கு, உபதேசியார் எவர் சொற்கேட்டு நடப்பது என்ற பூசல்கள் எழுந்தன. சாதிக் கொடுமைக்கும் ஊர்ப்பகைக்கும் அஞ்சிப் புதிய சமயத்தில் அடைக்கலம் தேடிய எளிய மக்கள் அவர்களுள் பலர். ஜெர்மனியின் விசுவாச அறிக்கையோ இங்கிலாந்தின் ஜெபப் புத்தகமோ அவர்கள் உண்டாக்கியதன்று. இருந்தும் அவற்றின் பெயரால் அவர்களுக்குள் வேலி விழுந்தது.

வழிபாட்டு முறையும் ஆட்சி முறையும் ஒற்றுமைக்குத் தடையாகக் கூடாது என்ற மரபில் வந்தவரே, அவற்றைக் குறித்த வாதத்தினால் ஒரு பிளவுக்குக் காரணமானார் என்பதை எண்ணுங்கால் மனம் கனக்கிறது.

1838-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் நாள் ரேனியஸ் பாளையங்கோட்டையில் காலமானார். அப்போது அவருக்கு வயது 47. அவர் மறைந்த பின் உடன் ஊழியர்கள் மீண்டும் சங்கத்தோடு இணைந்தனர். பிளவு மெல்ல மூடியது. எனினும் அவர் எழுப்பிய வினா மூடவில்லை. பேராயர் கைவைக்காத குரு, குருதானா?

அதற்கு விடை காண முன்னின்றோருள் ஒருவர் அதே நெல்லைச் சீமையிலிருந்து வந்தார் என்பது வரலாற்றின் விந்தை. 1874-இல் வெள்ளாளன்விளையில் பிறந்த வே. ச. அசரியா, 1912-இல் இந்தியாவின் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயரானார். 1919-இல் தரங்கம்பாடியில் பல சபைக் குருமார் கூடி, ஒன்றுபட வேண்டும் என்று அறிக்கை விடுத்தபோது அவர் அவர்களுள் முதன்மையானவர். 1945-இல் அவர் மறைந்தார். 1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் நாள் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபினர் ஒரே சபையாயினர், நெல்லையும் அதிலடங்கியது.

குருப்பட்ட வழக்கை அவர்கள் தீர்த்த விதம் கருதத்தக்கது. இணைந்த சபைகளின் குருமார் அனைவரும் மறு அபிஷேகமின்றி அப்படியே ஏற்கப்பட்டனர். இனிமேல் நடைபெறும் அபிஷேகங்கள் பேராயர் வழியாகவே நடைபெறும் என்றும் உடன்பட்டனர். பேராயர் பதவி இருக்கும். ஆனால் அதைப்பற்றிய ஒரே கொள்விளக்கத்தை எல்லாரும் ஏற்கவேண்டும் என்ற நிபந்தனை இல்லை. விரும்பாத சபையின்மேல் வழக்கமில்லாத வழிபாட்டு முறை திணிக்கப்படாது. ரேனியஸ் கேட்டதில் பாதியும் சங்கத்தார் கேட்டதில் பாதியும் இதில் இருப்பதைக் காணலாம். 112 ஆண்டுகள் கழிந்தன. லூத்தரன் சபையார் இவ்விணைப்பில் சேரவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

கப்பலேறி மலாயாவுக்கு வந்த தமிழ்க் கிறித்தவர்கள் தத்தம் சபைகளையும் உடன் கொண்டுவந்தனர். வேறு சபைகள் இங்கே தோன்றியும் வளர்ந்தன. என் மாணவர் இருவரும் ஞாயிறுதோறும் வெவ்வேறு வாயிலில் நுழைவதன் பின்னால் இத்தகைய நெடுங்கதைகள் உள்ளன.

அடுத்த வாரம் அச்சிறுவனை அழைத்து, என்னால் இயன்ற அளவு எளிமையாகச் சொன்னேன்: "பெரியவர்கள் சாமியைப் பற்றிச் சண்டையிட்டதைவிட, சாமி வேலையை யார் எப்படிச் செய்வது என்பதைப் பற்றித்தான் அதிகம் சண்டையிட்டார்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். பிறகு சிலர் சேர்ந்தும் கொண்டார்கள்."

அவன் சற்று யோசித்துவிட்டு, "அப்படியென்றால் முதலிலேயே சேர்ந்திருக்கலாமே, ஐயா" என்றான்.

இம்முறை நான் பக்கத்தைத் திருப்பவில்லை.