கணக்குக் காட்டாதவர் பெயர் குடத்துக்குள் போகாது

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் உள்ள வைகுந்தப் பெருமாள் கோயிலின் கருங்கல் சுவர்களில் முதலாம் பராந்தக சோழனின் இரண்டு கல்வெட்டுகள் இருக்கின்றன. ஒன்று அவனது 12ஆம் ஆட்சியாண்டில், அதாவது 919இல் வெட்டப்பட்டது. மற்றொன்று இரண்டே ஆண்டுகள் கழித்து, 921இல். அந்தக் கட்டடம் அன்று உத்திரமேரூர்ச் சதுர்வேதிமங்கலத்துச் சபை கூடிய இடம். ஊர்ப் பொறுப்புக்கு யார் வரலாம், யார் வரக்கூடாது, எப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற விதிகளைச் சபையார் எல்லாரும் பார்க்கும்படி கல்லிலேயே எழுதிவைத்தார்கள்.

இரண்டு ஆண்டுக்குள் இரண்டாவது ஆணை தேவைப்பட்டதே ஒரு செய்திதான். முதல் ஏற்பாட்டில் ஓட்டைகள் இருந்திருக்கின்றன. இரண்டாம் கல்வெட்டு தன் நோக்கத்தை மறைக்கவில்லை: தீயவர் ஒழிந்து நல்லவர் ஓங்க வேண்டும் என்கிறது. வயது வரம்பு மாறியது. முதலில் முப்பதுக்கு மேல் அறுபதுக்குள் என்று இருந்தது, பிறகு முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் என்றானது. வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும், வேதநூல் பயிற்சி வேண்டும். கல்வி கூடுதலாக இருந்தால் அரைக்கால் வேலி நிலமே போதும். கடந்த மூன்று ஆண்டுகளில் பொறுப்பு வகித்தவருக்கு மறுபடி இடமில்லை.

இந்தக் கல்வெட்டைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும், பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு எடுக்கும் குடவோலை முறையைப் பற்றியே பேசுகிறார்கள். ஆனால் விதிகளில் மிகக் கூர்மையானது தகுதியின்மைப் பட்டியல். ஊர்ப் பணிகளைக் கவனித்த குழுவான வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி எந்தப் பொறுப்புக்கும் வர முடியாது. தடை அவரோடு நிற்கவுமில்லை. அவருடைய தந்தை, மகன், உடன்பிறந்தவர், தாயுடன் பிறந்தவர், தந்தையுடன் பிறந்தவர், சிற்றன்னை பெரியன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், பெண் கொடுத்த மாமனார், மனைவியின் உடன்பிறந்தவர், சகோதரியின் கணவர், சகோதரியின் பிள்ளைகள், மருமகன் என்று உறவுமுறைகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, அத்தனை பேர் பெயரையும் குடத்துக்குள் போகவிடாமல் தடுக்கிறது கல்வெட்டு. பொதுப்பணத்தை விழுங்கியவன் அடுத்த ஆண்டு மைத்துனன் பெயரில் திரும்பி வருவான் என்பது அந்தச் சபையாருக்குத் தெரிந்திருக்கிறது. எந்தெந்த வழியாக வருவான் என்றுகூடத் தெரிந்திருக்கிறது. சொந்த அனுபவத்தில் சூடுபட்டவர்கள் எழுதிய பட்டியல் இது. அடுத்தவர் பொருளைத் திருடியவருக்கும் ஊருக்குக் கேடு செய்தவருக்கும் தனியே தடை உண்டு.

தேர்வு நடந்த விதமும் இதே எச்சரிக்கையோடு அமைந்தது. ஊர் முப்பது குடும்புகளாக, அதாவது இன்றைய வார்டுகளைப் போன்ற பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்களின் பெயர்களைத் தனித்தனி ஓலையில் எழுதி, கட்டாகக் கட்டி, எந்தக் குடும்பு என்று குறிக்கும் வாயோலை ஒன்றைச் சேர்த்துக் குடத்தில் இட்டார்கள். சிறுவர் முதல் முதியவர் வரை சபை நிறைந்திருக்க, ஊரிலுள்ள நம்பிமார் (கோயில் அர்ச்சகர்கள்) ஒருவர் விடாமல் மண்டபத்தில் அமர்ந்திருக்க, அவர்களில் மூத்தவர் எழுந்து எல்லாரும் காணக் குடத்தைத் தூக்கிப் பிடிப்பார். உள்ளே இருப்பது என்னவென்று அறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுப்பான். அந்தக் கட்டை வேறொரு குடத்தில் இட்டுக் குலுக்கி, அதிலிருந்து ஒரே ஒரு ஓலையை அவனே எடுத்து நடுவராகிய மத்தியஸ்தன் கையில் கொடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரிய உள்ளங்கையில் அதை வாங்க வேண்டும். விரல் மடங்கினால் ஓலை மாறலாம் அல்லவா? அவன் வாசித்த பிறகு மண்டபத்தில் இருந்த நம்பிமார் அனைவரும் வாசிப்பார்கள். அதன் பின்பே பெயர் எழுதப்படும்.

இப்படி வந்த முப்பது பேரில், முன்பு தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் பணி செய்த, கல்வியிலும் வயதிலும் மூத்த பன்னிருவர் சம்வத்சர வாரியத்துக்கு, அதாவது ஆண்டு வாரியத்துக்குப் போனார்கள். மீதியிருந்தோரில் பன்னிருவர் தோட்ட வாரியம், அறுவர் ஏரி வாரியம். பஞ்சவார வாரியத்துக்கும் பொன் வாரியத்துக்கும் தனியே குடவோலை நடந்தது. வைரமேகத் தடாகம் என்னும் பெரிய ஏரியை நம்பி வாழ்ந்த ஊர் அது; கரை உடைந்தால் விளைச்சல் போய்விடும். ஏரி வாரியம் அங்கே அலங்காரப் பதவியாக இருந்திருக்க முடியாது. பதவிக்காலம் 360 நாள். இடையில் குற்றம் கண்டால் அப்போதே நீக்கம்.

கணக்கு எழுதுபவருக்கும் விதி இருந்தது. தான் எழுதிய கணக்கைப் பெருமக்கள் முன் வைத்து, நேர்மையானவர் என்று அறியப்பட்ட பிறகே அவரை மறுபடி அந்த வேலையில் அமர்த்தலாம். எழுதியவரே கணக்கை ஒப்புவிக்க வேண்டும். அதை முடித்துக் கொடுக்க வேறொருவரைக் கொண்டுவரக் கூடாது.

சபை விதிகள் உத்திரமேரூரோடு தோன்றியவை அல்ல. திருநெல்வேலிப் பக்கத்து மானூரில் ஏறத்தாழ 800ஆம் ஆண்டைச் சேர்ந்த பாண்டியர் கல்வெட்டும் சபை நடைமுறையைச் சொல்கிறது. வருகிற ஒவ்வொரு யோசனைக்கும் ‘அன்று, அன்று’ என்று மறுத்தே பேசிக் காரியத்தைக் கெடுப்பவருக்கு அங்கே ஐந்து காசு தண்டம்.

இதையெல்லாம் இன்றைய மக்களாட்சியோடு ஒன்றாக வைத்துப் பெருமை பேசுவது சரியாகாது. சதுர்வேதிமங்கலம் பிராமணர்க்கு அளிக்கப்பட்ட ஊர். சபையில் இடம் பெற்றவர்கள் நிலமுள்ள பிராமண ஆண்கள். அந்த நிலத்தை உழுதவர்களின் பெயரும் பெண்களின் பெயரும் குடத்துக்கு அருகில்கூட வரவில்லை. அங்கே வாக்கும் கிடையாது, பிரசாரமும் கிடையாது. தகுதியுள்ளவர்களுக்குள் திருவுளச் சீட்டுத்தான். சோழர் காலத்துக்குப் பின் நாயக்கத்தனமும் பாளையமும் வலுத்தபோது இந்தச் சபைகள் மங்கிப்போயின.

கல்வெட்டுகளை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்வெட்டறிஞர் வெங்கையா பதிப்பித்தார். வரலாற்றறிஞர் நீலகண்ட சாஸ்திரி விரிவாக ஆராய்ந்தார். 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் கிராமப் பஞ்சாயத்துகளுக்காக வாதாடிய உறுப்பினர் தங்குதூரி பிரகாசம் உத்திரமேரூர்ச் சுவரைச் சான்றாகக் காட்டினார். அரசியலமைப்பின் 40ஆம் பிரிவு பஞ்சாயத்துகளை அமைக்கச் சொன்னது. ஆனால் 1992இன் 73ஆம் திருத்தம் வரும்வரை அது வழிகாட்டும் நெறியாக மட்டுமே இருந்தது. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் அந்தத் திருத்தம் இடஒதுக்கீடு தந்தது. தமிழ்நாட்டின் 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின்படி ஊராட்சியின் வரவுசெலவுத் திட்டமும் தணிக்கை அறிக்கையும் கிராம சபையின் ஒப்புதலுக்கு வர வேண்டும். அந்தச் சபையில் உட்கார நிலமோ வேதமோ தேவையில்லை. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும்.